நேராக இருந்த மஞ்சள் கோடு

டிசம்பர் 8, திங்கள்

காலை 10.40-க்கு உறுதியானது: பள்ளி வேனின் கியர்பாக்ஸில் எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. மேல் மூடியைத் திறந்து கம்பி விட்டுப் பார்த்தவன் ஃபாரூக். பதினாறு வருடமாக என்னிடம் இருக்கிறான். அவன் பார்த்ததை நான் மறுபடி பார்ப்பதில்லை.

வேன் கோகிலவாணி என்ற பெண்ணுடையது. அவரே ஓட்டுகிறார். காலை எட்டே காலுக்கு மோகனூர் ரோட்டில் பதினாலு குழந்தைகளோடு போகும்போது கியர் இறுகி நின்றுவிட்டது. யாருக்கும் அடி இல்லை. குழந்தைகளை இரண்டு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு நேராக இங்கே வந்தார்.

"அண்ணா, ரெண்டு மாசம்தானுங்க ஆச்சு. கியர் முழுசும் நீங்கதான பிரிச்சுப் பூட்டுனீங்க?"

"நாந்தானுங்க பூட்டுனேன். எண்ணெய் எப்படிப் போச்சுன்னு தெரியோணுமில்லீங்களா? வெளியில யாராச்சும் கை வெச்சாங்களா?"

"என்ற வண்டியில உங்க கையும் என்ற கையும் தவிர வேற கை படலீங்."

வாரண்டி அட்டையைக் கொண்டுவந்திருந்தார். தெய்வா கியர் ஒர்க்ஸ், ஆறு மாதம் அல்லது பத்தாயிரம் கிலோமீட்டர், வெளியில் திறந்தால் செல்லாது. கீழே என் கையெழுத்து. ஓடியது 4,312 கிலோமீட்டர்.

வெளியில் திறந்தார்களா என்று கண்டுபிடிக்க என் பட்டறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. அடியில் எண்ணெய் வடிக்கும் அடைப்பை டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முறுக்குவோம். குறித்த இறுக்கம் வந்ததும் அது 'டிக்' என்று சத்தம் கொடுக்கும். உடனே அடைப்பின் மேலும் கியர் பெட்டியின் மேலும் சேர்த்து ஒரு மஞ்சள் கோடு இழுப்போம். பிறகு யார் கழற்றினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

ஃபாரூக் வண்டிக்கு அடியில் போய் வந்து கோடு பற்றி ஏதோ சொன்னான். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது, சரியாகக் கேட்கவில்லை.

மாலை கம்ப்ரசர் பெல்ட் மாற்றினேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

கோகிலவாணியிடம் சொல்லிவிட்டேன். அடைப்பு தானாக விடாது, வெளியில் யாரோ தொட்டிருக்கிறார்கள், வாரண்டி செல்லாது.

"அடியில போயிப் பாத்தீங்களாண்ணா?"

"பார்க்கத் தேவையில்லீங்க. நாப்பது வருசமா இதே வேலை."

"நவம்பர்லயே வந்து சொன்னேனே, வாசல்ல எண்ணெய்ப் பொட்டு விழுகுதுன்னு. நீங்கதான ஒண்ணுமில்ல போங்கன்னீங்க?"

அப்படி அவர் வந்ததாக எனக்கு நினைவில்லை. அதைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. அட்டையை மடித்து, சாவிக்கொத்து வைத்திருக்கும் பையிலேயே வைத்துக்கொண்டார்.

"வண்டி இங்கயே நிக்கட்டுமுங்க. ஒருத்தரும் தொடவேண்டாம்."

தகர ஷெட்டின் ஓரத்தில் தள்ளி நிறுத்தினோம். பிரஷர் மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

டிசம்பர் 13, சனி

காலை பத்து மணிக்குக் கோகிலவாணி வந்தார். நேராக வேனில் ஏறி எஞ்சினைப் போட்டார். பேட்டரி இறங்காமல் இருக்கவாம், ஃபாரூக் விசாரித்துச் சொன்னான். பத்து நிமிடம் ஸ்டியரிங் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. அணைத்து, இறங்கி, கதவைப் பூட்டிக்கொண்டு போனார். அந்தப் பத்து நிமிடமும் பட்டறையில் யாரும் பாட்டு வைக்கவில்லை.

நாளை ஒரு கல்யாணம். பெட்டியிலிருந்து வேட்டியை எடுத்த என் மனைவி சரசு கூடத்தில் விரித்துக் காட்டினாள். முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கறை.

"ரெண்டு தடவ ஊற வெச்சுத் துவைச்சாச்சு, போகல. ஆயுத பூசைக்குக் கட்டுன வேட்டி இது. சாமி கும்புடப் போனீங்களா, வண்டிக்கடியில படுக்கப் போனீங்களா?"

சோப்பை மாற்றிப் பார்க்கச் சொன்னேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

கல்யாணத்துக்குப் பழைய வேட்டியில் போனேன்.

டிசம்பர் 20, சனி

பத்து மணிக்கு எஞ்சின். பத்து நிமிடம்.

டிசம்பர் 31, புதன்

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் நோட்டீஸ் 11.20-க்குப் பதிவுத் தபாலில் வந்தது. புகார்தாரர் கோகிலவாணி. எதிர்த்தரப்பு நான். ஆஜராக வேண்டிய நாள் ஜனவரி 20.

தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "என்னங்க, பரிசு ஏதாச்சும் விழுந்துருச்சா?" என்றார். தீபாவளிக்கு அவருடைய மொபெட்டை இனாமாகப் பார்த்துக் கொடுத்தவன் நான். சிரித்துவைத்தேன்.

ஜனவரி 3, சனி

எஞ்சினை அணைத்த பிறகு இன்று ஃபாரூக்கிடம் பேசிக்கொண்டிருந்தார். லேத் பக்கம் எனக்கு வேலை இருந்ததால் காதில் விழுந்தது. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. வேன் சரியாகும்வரை வாடகை ஆட்டோ. பள்ளியில் கெடு கொடுத்திருக்கிறார்கள்: மார்ச் 2-ஆம் தேதி காலை சொந்த வேன் வாசலில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ரூட் வேறு ஆளுக்குப் போகும்.

"ரூட்டு போச்சுன்னா வண்டி இருந்தும் ஒண்ணுதானுங்க பாய், இல்லாட்டியும் ஒண்ணுதான். எட்டு வருசமாச் சேத்த பிள்ளைங்க. ஒரு வீட்டுல அக்கா, தம்பி, இப்போ கடைக்குட்டி, மூணு பேரும் என்ற வண்டிதான்."

ஃபாரூக் கையைத் துடைத்த துணியிலேயே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

ஜனவரி 10, சனி

வக்கீல் குழந்தைவேலைப் பார்த்தேன். பதில் மனு தயார் செய்கிறார். வேனுக்கு நான் எழுதிய ஜாப் கார்டைப் படித்தார். 'வடிகால் அடைப்பு, டார்க் ரெஞ்ச், இறுக்கம் 35' என்ற இடத்தில் நான் போட்ட டிக் குறியைப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

"டெலிவரி அக்டோபர் ஒண்ணு சாயங்காலம். அன்னைக்கு ஆயுத பூசை இல்லீங்களா? கஸ்டமர் அவசரப்படுத்துனாங்கன்னு ஒரு வரி சேத்துக்கலாமுங்களா?"

"சேத்துக்குங்க."

"கூட வேலை பாத்தவரு ஒரு வாக்குமூலம் கொடுத்தா நல்லது. முறைப்படி முறுக்குனத நேர்ல பாத்தேன்னு."

"ஃபாரூக் கொடுப்பான்."

பத்து மணிக்குப் பட்டறையில் இல்லாததால் இன்று எஞ்சின் சத்தத்தைக் கேட்கவில்லை.

ஜனவரி 12, திங்கள்

ஃபாரூக் கொடுக்கவில்லை.

டைப் செய்த தாளை டீ நேரத்தில் நீட்டினேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முழுதும் படித்தான்.

"இதுல 'டிக் சத்தம் கேட்டது'ன்னு இருக்குங்கண்ணே."

"ஆமா."

"எனக்குக் கேக்கலீங்கண்ணே."

"நீ தள்ளி நின்னிருப்பே."

"நான் உங்க தலைமாட்டுலதான் பெயிண்ட் டப்பாவைப் பிடிச்சிட்டு நின்னேன். பொய் சொல்லமாட்டேன்னு நான் ஒண்ணும் பெரிய மனுசன் மாதிரிப் பேசலீங்கண்ணே. போன வாரம்கூட வீட்டுல மீன் கிடைக்கலைன்னு பொய் சொன்னவன்தான். ஆனா இது அந்தம்மாவோட வண்டி."

தாளை நான்காக மடித்து என் சட்டைப் பையில் அவனே வைத்தான். பிறகு போய் ஒரு லாரியின் கிளட்சை இறக்கினான். சாயங்காலம் ஆறு மணிவரை இருவரும் சைகையில்தான் வேலை பார்த்தோம்.

பதினாறு வருடச் சோறு என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. 

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். பட்டறை விடுமுறை. அங்கே போர்வெல் மோட்டார் ஓடவில்லை என்று பார்க்கப் போனேன். ஃப்யூஸ்தான்.

அங்கே போனதால் வேனுக்கு அடியிலும் போய்ப் பார்த்தேன். பூனை குட்டி போட்டிருக்கிறதா என்று பார்க்க. பூனை இல்லை. அடைப்பு கண்ணுக்கு நேரே இருந்தது. கோடும் இருந்தது. ஸ்பேனரை வைத்து விரல்கடை தூரம் திருப்பினால் போதும், கோடு இரண்டாகிவிடும். பூனை பார்க்கப் போனவன் கையில் பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர் ஏன் இருந்தது என்று எழுத ஒன்றுமில்லை.

மல்லாந்தபடி எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. தெருவில் மாட்டு மணிச் சத்தம் இரண்டு முறை போனது. முதுகு சில்லிட்டதும் வெளியே வந்துவிட்டேன். ஸ்பேனரை அதன் ஆணியில் மாட்டினேன்.

கோடு நேராக இருக்கிறது.

ஜனவரி 20, செவ்வாய்

ஆணையம் இரு தரப்பையும் கேட்டது. வேன் நிற்கும் இடத்திலேயே நிபுணர் சோதனை என்று உத்தரவு. பாலிடெக்னிக் விரிவுரையாளர் இளவழகன் பிப்ரவரி 6 காலை 11 மணிக்கு வருவார். அடுத்த விசாரணை பிப்ரவரி 17.

கோகிலவாணி வக்கீல் வைக்கவில்லை. என் பதில் மனுவை அங்கேயே நின்று விரல் வைத்துப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. வெளியே படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"நான் அவசரப்படுத்துனேனுங்களா?"

வக்கீல் என் முழங்கையைப் பிடித்தார்.

"பள்ளிக்கூடம் லீவுங்கண்ணா அப்போ. ஆறாந்தேதிதான் திறந்தாங்க. மெதுவா நாளான்னிக்கு வந்து எடுத்துக்கறேன்னுதான் சொன்னேன். நீங்கதான் ஃபோன் போட்டு, பூசைக்குள்ள எடுத்துக்குங்க, அரைகுறை வண்டி பூசையன்னைக்குப் பட்டறையில நிக்கப்படாதுன்னீங்க."

"எதா இருந்தாலும் உள்ள பேசிக்கலாமுங்க" என்றார் வக்கீல்.

"உள்ள பேசுனாலும் இதத்தானுங்க பேசுவேன்."

ஜனவரி 21, புதன்

ஃபாரூக் வேலைக்கு வரவில்லை. ஃபோன் அடித்தேன், எடுக்கவில்லை. அவன் டூல் பெட்டி லேத்துக்குப் பக்கத்தில் பூட்டியபடி இருக்கிறது.

ஜனவரி 24, சனி

எஞ்சின். பத்து நிமிடம். போகும்போது, "பாய் எங்கீங்க?" என்று கேட்டார். லீவு என்றேன்.

ஜனவரி 31, சனி

எஞ்சின்.

பிப்ரவரி 6, வெள்ளி

இளவழகன் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்துவிட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். தரையில் விரிக்கச் சாக்கு அவரே கொண்டுவந்திருந்தார். நானும் கோகிலவாணியும் இரண்டு பக்கமும் குனிந்து பார்க்க, மல்லாந்து உள்ளே போனார்.

முதலில் பூதக்கண்ணாடி வைத்துக் கோட்டைப் பார்த்தார். பிறகு அளவு காட்டும் ரெஞ்சை அடைப்பில் மாட்டி, கழற்றும் பக்கம் மெல்லத் திருப்பினார். உடனே கழன்றுவிட்டது.

"முப்பத்தஞ்சுல முறுக்குனதுங்களா?"

"ஆமாங்க. ஜாப் கார்டுல இருக்குது."

"ஆறுல கழண்டுருச்சுங்க. என்ற வீட்டுத் தண்ணிக்குழாய்கூட இதவிட இறுக்கமா இருக்கும்." வாஷரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நசுங்காமல் புதிதாக இருந்தது. "இந்த இடுக்குல தினம் கொஞ்சம் கொஞ்சமாக் கசிஞ்சு போயிருக்குது."

"வெளியில கழட்டிட்டு, கோட்டை நேராக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கலாமுங்க" என்றேன்.

"அப்படின்னா விளிம்புல பெயிண்ட் வெடிச்சிருக்கோணும். வெடிக்கல. கோடு போட்ட கைக்கு அப்புறம் இன்னைக்கு என்ற கைதான் பட்டிருக்குது. உங்க கோடு நல்லா வேலை செய்யுதுங்க."

கிண்டலாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. பாராட்டாகச் சொன்னாலும் ஒன்றுதான்.

எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டே டெலிவரி நேரம் கேட்டார். கார்டில் மாலை ஆறு மணி. கோகிலவாணி ஃபோனை எடுத்தார். "ஆறு எட்டுக்கு நான் ஒரு ஃபோட்டோ எடுத்தேனுங்க. வாழைக்கன்னு கட்டி என்ற வண்டி அழகா இருந்துச்சு, ஸ்டேட்டஸ்ல வெச்சேன்." நேரத்தைக் காட்டத்தான் நீட்டினார். அதற்கு மேல் அதில் ஏதும் இருப்பதாக அவருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

இளவழகன் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். ஃபோனை எனக்கும் தெரியும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

"பலகையில டூல் எல்லாம் அடுக்கி, சந்தனம் குங்குமம் வெச்சிருக்கீங்க. நடுவுல நீளமா இருக்கறது டார்க் ரெஞ்ச்தானுங்களே?"

"ஆமாங்க."

"ஓரத்துல வண்டிக்கடியில இருந்து ரெண்டு காலு நீட்டிட்டிருக்குது. யாரு காலுங்க இது?"

அப்போதுதான் கோகிலவாணியும் எட்டிப் பார்த்தார்.  ரெஞ்ச் சாமி முன்னால் இருக்கிறது, கால் வண்டிக்கு அடியில் இருக்கிறது. ஒரே படம். ஃபாரூக் வேலையை விட்டு நின்று பதினாறு நாள். அவன் பெயரைச் சொல்லியிருந்தால் மறுக்க அங்கே ஆள் இல்லை. என் வேட்டியின் கரைப் பட்டை படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதனால்தான் உண்மையைச் சொன்னேனா என்று இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை.

"என்ற காலுங்க" என்றேன்.

பிப்ரவரி 7, சனி

அக்டோபர் 1 பக்கத்தைப் புரட்டினேன். 'ஆயுத பூஜை. பொரி, கடலை, சுண்டல். எல்லாம் நல்லபடியாக முடிந்தது' என்று எழுதியிருக்கிறேன். அவ்வளவுதான். நவம்பர் 11 பக்கத்தில் இருக்கிறது: 'வேன் அம்மா வந்தார். எண்ணெய்ப் பொட்டு என்றார். புதிதாகப் பூட்டியது கொஞ்சம் வியர்க்கும் என்று அனுப்பிவிட்டேன்.' என் கையெழுத்துதான்.

அக்டோபர் 1 பக்கத்தில் இல்லாததை இங்கே எழுதுகிறேன்.

மதியம் மூன்றுக்குக் கியர்பாக்ஸைத் தூக்கி மாட்டினோம். நான்கு மணிக்கு டூல்கள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பலகையில் அடுக்கினோம். பொட்டு வைத்த டூலை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை யாரும் எடுக்கக்கூடாது. என் பட்டறையில் இது நானே போட்ட கட்டளை. ஐந்தரைக்குத்தான் அடைப்பைக் கையால் திருகியதோடு விட்டிருப்பது நினைவு வந்தது. எண்ணெயும் ஊற்றவில்லை.

ஃபாரூக் சொன்னான்: "சாமி முன்னாடி வெச்சத எடுக்க வேண்டாமுங்கண்ணே, சரி. வண்டி நாளைக்குப் போகட்டும். அந்தம்மாதான் அவசரமில்லைன்னாங்களே?"

பூஜை நாளில் முடியாத வேலை பட்டறையில் நின்றால் வருடம் முழுக்க வேலை நின்றபடிதான் இருக்கும் என்றேன். பலகையில் ஏறாத ஸ்பேனர் ஒன்றே ஒன்று இருந்தது. வேனின் சீட்டுக்கு அடியில் கோகிலவாணியின் டூல் பையில் கிடந்த கட்டை ஸ்பேனர். பிடி விரல் நீளம். அதை வைத்து, வேட்டியோடு படுத்து, முடிந்தவரை முறுக்கினேன். எண்ணெய் ஊற்றினோம். கோடு இழுத்தேன். கார்டில் டிக் போட்டேன். நாளைக் காலை ஒருமுறை வரச்சொல்லி ரெஞ்ச் வைத்துவிடலாம் என்று நினைத்தது நிஜம். அழைக்காததும் நிஜம்.

டிசம்பர் 8 அன்று கம்ப்ரசர் ஓடவில்லை. "அண்ணே, கோடு நேரா இருக்குது" என்று ஃபாரூக் சொன்னது தெளிவாகக் கேட்டது.

கோகிலவாணி இன்றும் பத்து மணிக்கு வந்தார். எஞ்சினை அணைக்கும்வரை கதவுப் பக்கம் நின்றேன். இறங்கியதும் சொன்னேன், திங்கட்கிழமை கியர் பெட்டியை இறக்குகிறேன், தேய்ந்த சாமான் எல்லாம் புதிது, என் பொறுப்பு.

"இதத்தானுங்கண்ணா ரெண்டு மாசமாக் கேட்டேன்."

"ஆமாங்க."

"நான்தான் அவசரப்படுத்துனேன்னு எழுதுன அந்த வரி?"

"அதையும் எடுக்கச் சொல்றேன்."

"சொல்ல வேண்டாம். எடுத்துட்டுக் காட்டுங்க."

பிப்ரவரி 17, செவ்வாய்

ஆணையத்தில் திருத்தக் குறிப்பு தாக்கல் செய்தேன். அடைப்பு முறைப்படி முறுக்கப்படவில்லை, ஜாப் கார்டில் எழுதியது சரியல்ல, புகார்தாரர் அவசரப்படுத்தவில்லை. மூன்று வரி. வக்கீலுக்கு மனமில்லை. "நாப்பது வருசப் பேரு, யோசிச்சுக்குங்க" என்றார். நகலைக் கோகிலவாணியிடம் கொடுத்தேன். விரல் வைத்துப் படித்தார்.

மாலை ஃபாரூக் வீட்டுக்குப் போனேன். அவன் இல்லை. அவன் மனைவி டீ கொடுத்தார். "சொல்றேனுங்கண்ணே" என்றார். எதைச் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை.

பிப்ரவரி 25, புதன்

ஒரு பேரிங் சேலத்திலிருந்து வரவேண்டும். பஸ்ஸில் போட்டுவிட்டார்களாம். ஸ்டாண்டில் இரண்டு மணிநேரம் காத்திருந்து வாங்கினேன். தனி ஆளாகப் பெட்டி பூட்டி எட்டு வருடம் இருக்கும். முதுகுதான் பிடித்துக்கொண்டது.

பிப்ரவரி 27, வெள்ளி

மாலை 4.15-க்கு வேன் பட்டறையை விட்டுப் போனது. ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொன்னவர் கோகிலவாணி.

அதற்கு முன் அடைப்பை அவர் எதிரில்தான் முறுக்க வேண்டும் என்றார். சாக்கை விரித்து, சேலையைச் செருகிக்கொண்டு, அவரும் பக்கத்தில் படுத்துவிட்டார். ஃபோனில் வீடியோ ஓடியது. ரெஞ்சின் கழுத்தில் பூஜைக் குங்குமம் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. முறுக்கினேன்.

டிக்.

"இதானுங்களா அந்தச் சத்தம்?"

"இதாங்க."

"இத்துணூண்டா?"

"இத்துணூண்டுதாங்க."

பெயிண்ட் பிரஷை எடுத்தேன். "கோடு அப்புறம் இழுங்க" என்றார். "அதை இன்னொருக்கா கேக்கோணும்."

மறுபடி வைத்து முறுக்கினேன். டிக். ஃபோனை அணைத்தார்.

இனி நிலுவையில் இருப்பவை. ஆணையத்தின் உத்தரவு மார்ச் 10, செவ்வாய். புகாரைத் திரும்பப் பெறுவீர்களா என்று கோகிலவாணியிடம் நான் கேட்கவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பள்ளிக் கெடு மார்ச் 2, திங்கள், காலை எட்டு மணி. அந்த வாசலில் வேன் நின்றதா என்று அன்றே தெரிந்துவிடும்.

ஃபாரூக் மதியம் அவனாகவே ஃபோன் செய்தான். திங்கள் ஒன்பது மணிக்கு வருகிறானாம். வேலைக்கா, டூல் பெட்டியை எடுத்துப்போகவா என்று சொல்லவில்லை.  பெட்டியின் மேல் படிந்த தூசியைத் துடைத்துவைத்திருக்கிறேன்.